நிலையும் பேதமும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் ‘பாடபேதம்’ என்னும் சொல்லைப் பெரிதும் வழங்கினர். ஒரு நூலின் ஒரே இடத்தில் ஒரு சுவடி ஒரு சொல்லையும் மற்றொரு சுவடி வேறொரு சொல்லையும் காட்டுமாயின், அவ்வேறுபாடே பாடபேதம் எனப்படும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு இச்சொல் புதியதன்று. விரிவுரையிற் கேட்டு, குறிப்பெடுத்து, பரீட்சையில் எழுதி, பின்னர் மறந்துவிடும் சொற்களுள் அதுவும் ஒன்று. ஆயின், கலைப்பீட மாணவி ஒருத்தி அச்சொல்லின் முழுப் பொருளையும் உணர்ந்துகொண்டது ஏட்டுச் சுவடி எதனையும் தொட்டு அன்று. செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு ஓர் அட்டைப்படம் ஆக்க முற்பட்டபோதேயாகும். அவளுக்கு நேர்ந்தது சிறியதோர் இடரே. எனினும், இக்காலத்து வடிவமைப்பு வேலையின் பெரியதொரு சிக்கல் அதனுள் அடங்கியிருந்தது.

அப்பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘நீர்’ என்பது பொதுப்பொருளாக வகுக்கப்பட்டிருந்தது. கட்டுரைகள் வந்து சேர்ந்தன. விளம்பரங்களும் ஓரளவு கிடைத்தன. அட்டைப்படம் வரைவதற்குத்தான் ஆளில்லை. முன்னைய மலர்களுக்கு வரைந்து தந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். வெளியார் ஒருவரைக் கொண்டு வரைவிப்பதற்குச் சங்கத்திடம் பணமில்லை. மலர்க்குழுவின் கூட்டத்தில் அம்மாணவி, தன்னிடம் மடிக்கணனி ஒன்று இருப்பதாகவும், படம் ஆக்கும் கருவியொன்றின் துணையுடன் தானே அட்டையை அமைத்துத் தர இயலுமெனவும் கூறினாள். என்ன படம் என்று இதழாசிரியர் கேட்டபோது, சற்றும் தயங்காது ‘துலாக் கிணறு’ என்றாள்.

அவள் வலிகாமத்திற் பிறந்தவள். ஆறென்று சொல்லத்தக்க ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடு இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரைக் கிணறுகள் வழியே எடுத்துப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்தே அங்குத் தோட்டச் செய்கை வளர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர் அவ்விறைப்புக்கு உதவியது துலா. இரு ஆடுகால்களுக்கிடையே அச்சிற் பொருத்திய நீண்ட மரம்; அதன் பருத்த அடி ஒருபுறம்; கிணற்றை நோக்கிய மெலிந்த நுனி மறுபுறம்; நுனியிலிருந்து தொங்கும் கொடியில் நீர் மொள்ளும் பட்டை. துலாவின்மேல் ஏறியவர் முன்னும் பின்னும் நடக்க, அவரது உடற்பாரமே பட்டையைத் தாழ்த்தும், உயர்த்தும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சரிப்பார். அம்மாணவியின் பேரனார் தமது இளமையில் துலா மிதித்தவர். அவருக்கு இப்போது வயது 84. வீட்டிலே துலா இல்லை. ஆடுகால் நின்ற இடத்தைச் சுட்டிக்காட்ட அவர் ஒருவரே இருந்தார். அவர் உள்ளபோதே அப்படத்தைச் செம்மையாக ஆக்கிவிட வேண்டுமென்பது அவளது உள்ளக்கிடக்கை. அதனை அவள் மலர்க்குழுவில் எவருக்கும் சொல்லவில்லை.

2022 ஆம் ஆண்டளவில், சொற்களிலிருந்து படம் ஆக்கும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. அவை இயங்கும் முறை வியப்புக்குரியது. அலைவரிசை பிடிபடாத தொலைக்காட்சித் திரையிலே தோன்றுவது போன்ற, ஒழுங்கற்ற புள்ளிகளின் குழப்பத்திலிருந்து கருவி தொடங்குகின்றது. கொடுத்த விவரணத்துக்கு ஏற்ப அக்குழப்பத்தைப் படிப்படியாகக் களைந்து சென்று ஈற்றிலே ஓர் உருவத்தை எட்டுகின்றது. தொடக்கத்துக் குழப்பத்தை நிர்ணயிப்பது ஓர் எண். அதனை ‘விதை’ என்பர். விவரணமும் விதையும் கருவியின் பதிப்பும் ஏனைய அமைப்புகளும் ஒன்றாயின், ஏறத்தாழ ஒரே படம் மீண்டும் கிடைக்கும். விதை மாறின் அதே விவரணத்துக்கு வேறு படம் தோன்றும். இதனாலேயே இத்தகைய கருவிகள் பல, ஒரு முறை கேட்டால் நான்கு படங்களைத் தருகின்றன.

அவள் பெற்ற முதல் நான்கு படங்களில் துலா இருக்கவில்லை. ஓட்டுக் கூரையும் உருளையும் உடைய ஐரோப்பியக் கிணறுகளே இருந்தன. எகிப்து நாட்டிலே நைல் நதிக்கரையில் வழங்கிய இறைமரத்தின் ஆங்கிலப் பெயரைச் சேர்த்துக் கேட்டாள். துலா போன்றதொன்று வந்தது, ஆனால் அதன் பின்னணியிற் பேரீச்சை மரங்கள் நின்றன. பனை என்று கேட்டாள், தென்னை வந்தது. படத்தின் மேற்புறத்திலே தமிழில் ‘நீர்’ என்று எழுதுமாறு பணித்தபோது, தூரத்திலிருந்து பார்ப்போருக்குத் தமிழ் போலவும், அருகே சென்று படிப்போருக்கு எம்மொழியும் ஆகாமலும் உள்ள கோடுகளே கிடைத்தன. எழுத்தைத் தானே பின்னர் பொருத்துவதெனத் தீர்மானித்து, துலாவை மட்டும் நாடினாள். மூன்று வாரங்களில் 53 முறை கேட்டாள். 212 படங்கள் சேர்ந்தன.

ஒவ்வொரு தொகுதியிலும் சிறந்தவற்றைத் தன் சின்னம்மாவின் கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப் மூலம் அனுப்புவாள். சின்னம்மா அவற்றைப் பேரனாருக்குக் காட்டுவார். பேரனார் சொல்வது குரற்பதிவாகத் திரும்பி வரும். முதற்பதிவு மிகச் சுருக்கமானது: “உது இறைக்காது, பிள்ளை.” அழகைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடியற்கால ஒளியும் ஈரமண்ணின் நிறமும் அவருக்குப் பொருட்டல்ல. அந்தத் துலாவைக் கொண்டு நீர் இறைக்க முடியுமா என்பதொன்றே அவர் கேட்ட கேள்வி. ஒரு படத்தில் மரத்தின் பருத்த அடி கிணற்றின் பக்கம் இருந்தது. வேறொன்றில் துலா ஆடுகால்களின் நடுவே செல்லாது அவற்றின் தலைமேல் வைக்கப்பட்டிருந்தது. “காத்தடிச்சா விழுந்திடும்” என்றார். மற்றொன்றிற் கொடி கிணற்றின் சுவரை உரசிக்கொண்டு இறங்கியது. “பட்டை ஒரு நாளிலை கிழிஞ்சு போம்” என்றார். அவள் அவ்வப்போது விவரணத்தைத் திருத்தி மீண்டும் கேட்பாள். படங்கள் மெல்ல மெல்ல உண்மையை அணுகின.

கடைசி மாலையில் அவள் 12 படங்களை ஒருங்கே அனுப்பினாள். மறுநாட் காலையிலே வந்த குரற்பதிவிற் பேரனாரின் குரல் தெளிந்திருந்தது: “கடைசியா வந்தது சரி. உது இறைக்கும்.”

அவளது மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. தான் இறுதியாக அனுப்பிய படத்தை எடுத்து, எழுத்தைப் பொருத்தி, ‘இறுதி’ என்று கோப்புக்குப் பெயரிட்டாள். நிறத்தைச் சிறிது மாற்றி ‘இறுதி 2’ என்றாள். இதழாசிரியர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னபோது ‘உண்மை இறுதி’ பிறந்தது. அதுவே அச்சகத்துக்குச் சென்றது.

மூன்று நாட்களின் பின்னர் அட்டையின் அச்சுப்படி வந்தது. கைத்தொலைபேசியின் சிறு திரையிற் புலப்படாதது தாளிலே பளிச்செனப் புலப்பட்டது. துலா, ஆடுகால்களின் தலைமேல் இருந்தது. காற்றடித்தால் விழுந்துவிடும் என்று பேரனார் முன்னரே தள்ளிய அதே பிழை! இப்படத்தை அவர் ஏற்றிருக்க இயலாது. அவர் ‘கடைசியா வந்தது’ என்று குறித்தது அவள் கடைசியாக அனுப்பியதை அன்று. சின்னம்மாவின் வீட்டிலே இணைப்பு மந்தமானது. படங்கள் சில உடனே திறந்தன, சில பிந்தித் திறந்தன. எது அவருக்குக் கடைசியாகக் காட்டப்பட்டது என்பதைச் சின்னம்மாவாலும் நினைவுகூர இயலவில்லை.

அவரிடமே கேட்கலாமென்று தொலைபேசியை எடுத்தபோதுதான் செய்தி தெரிந்தது. முதல்நாள் இரவு பேரனார் பாரிசவாதத்தால் வீழ்ந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆயினும் பேச்சு வரவில்லை. பரீட்சை நெருங்கியிருந்தமையால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமென்று வீட்டார் எண்ணியிருந்தனர்.

இந்நிலையில் அவள் கைவசம் எஞ்சியவை யாவை என எண்ணிப் பார்த்தல் தகும். பன்னிரு படங்களின் சிறு பிரதிகள் வட்ஸ்அப்பில் இருந்தன. அனுப்பும்போது சுருக்கப்பட்டவை யாதலால் அவை அச்சுக்கு உதவா. முழுப் பருமனுள்ள மூலங்களுட் பலவற்றை, மடிக்கணனியில் இடம் போதவில்லையென்று அவளே அழித்திருந்தாள். மீண்டும் ஆக்கலாமென்றாலோ, விதை எண்களை அவள் குறித்து வைக்கவில்லை. இதற்கிடையே கருவியின் பதிப்பும் மாறிவிட்டது. அதே சொற்களை இட்டபோது, முன்னையவற்றைக் காட்டிலும் பளபளப்பான, ஆனால் முற்றிலும் வேறான துலாக்கள் தோன்றின. இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஆக்கியவளுக்கு வேண்டிய ஒன்றைக் கண்டெடுக்க வழியில்லாது போயிற்று.

இவ்விடத்துச் சற்று நின்று, இருவகை வேறுபாடுகளைப் பிரித்துணர்தல் வேண்டும். ஒன்று, காலத்தின் வழிப்பட்டது. முன்னையதைத் திருத்தி அதனிடத்தைப் பின்னையது பெறுகின்றது. அதனை ‘நிலை’ எனலாம். மற்றையது, இடத்தின் வழிப்பட்டது. ஒன்றையொன்று நீக்காது, பக்கம் பக்கமாக நின்று, தேர்வுக்குக் காத்திருப்பது. அதனை ‘பேதம்’ எனலாம். கையால் வரையும் ஓவியன் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்வதற்குக் காரணம் ஒன்று இருக்கும். உழைப்பின் அருமை காரணமாகப் பேதங்களையும் அவன் அளவோடுதான் ஆக்குவான். படம் ஆக்கும் கருவியோ பேதத்தை விலையற்றதாக்கிவிட்டது. நான்கு படங்களும் தம்முள் வேறுபடுவதற்குத் தொடக்கக் குழப்பம் வெவ்வேறானது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. காரணமின்றிப் பிறந்த பேதங்களின் நடுவே, காரணத்தோடு பிறந்த நிலைகள் மறைந்துபோகின்றன. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மை இறுதி’ என்னும் பெயர்கள் இம்மயக்கத்தின் அறிகுறிகளே. அவற்றில் எதுவும் எதிலிருந்து பிறந்தது, ஏன் பிறந்தது என்று சொல்லுவதில்லை.

நிலைகளைப் பேணும் சிக்கல் கணனியோடு தோன்றியதன்று. டச்சு ஓவியர் றெம்பிராண்ட் 1653 ஆம் ஆண்டைப் பொறித்து உருவாக்கிய ‘மூன்று சிலுவைகள்’ என்னும் செப்புத்தகட்டு ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். அத்தகட்டில் அவர் மீண்டும் மீண்டும் கைவைத்தார். நான்காம் நிலையில், முன்பிருந்த உருவங்கள் பலவற்றைச் சுரண்டி நீக்கியும், ஆழ்ந்த கோடுகளை இழுத்தும், ஒளிமிகுந்த காட்சியை இருள் சூழ்ந்ததாக மாற்றிவிட்டார். தகடு தன் இறுதி நிலையை மட்டுமே அறியும். முன்னைய நிலைகள் இருந்தன என்பதற்கு, அவ்வந்நிலையில் எடுத்த தாட்பிரதிகளே சாட்சி. அப்பிரதிகள் நூதனசாலைகளிற் பேணப்படாதிருப்பின், அவர் எதை நீக்கி எதை வைத்தார் என்பதும், அதன்வழி அவரது சிந்தை சென்ற திசையும் இன்று எவருக்கும் புலப்பட மாட்டா.

கணனி நிரல் எழுதுவோர் இச்சிக்கலைத் தம் துறையில் முன்னரே கண்டனர். 1972 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே நிரல்களின் நிலைகளைப் பேணும் முறைமையொன்று ஆக்கப்பட்டது. 2005 இல் லினஸ் டோர்வல்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்பது இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அம்மாணவியின் விடுதித் தோழியொருத்தி விஞ்ஞான பீடத்தவள். அவள் சொன்ன ஒரு செய்தி இவளது உள்ளத்திற் பதிந்தது: நிரலில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது, யார், எப்போது, எந்நிலையிலிருந்து மாற்றினார் என்பவற்றோடு, ஏன் மாற்றினார் என்பதையும் ஒரு வரியில் எழுதும்படி ‘கிட்’ கேட்குமாம். “அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதாதவையோடை ஒருத்தரும் சேர்ந்து வேலை செய்ய விரும்பமாட்டினம்” என்று தோழி சிரித்தாள்.

மறுநாள், சங்கத்தின் பெரும்பொருளாளராகிய விரிவுரையாளரிடம் அவள் சென்று நிகழ்ந்ததைக் கூறினாள். மலர் தாமதமாவதைப் பற்றி அவர் கடிந்துகொள்வார் என்றே எதிர்பார்த்தாள். அவரோ பன்னிரு படங்களையும் மேசைமேற் பரப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, “உமக்குக் கிடைத்திருப்பது பன்னிரண்டு சுவடிகள், மூலத்தை அறிந்தவர் வாய் திறக்க முடியாத நிலையில் இருக்கிறார். சி. வை. தாமோதரம்பிள்ளை இருந்த இடத்திலேதான் நீரும் நிற்கிறீர்” என்றார்.

சிறுப்பிட்டியிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த தாமோதரம்பிள்ளை, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, ஒன்றோடொன்று மாறுபடும் ஏடுகளையே நம்பியிருந்தார். தொட்டால் ஒடியும் ஏடுகள் அவை. ஏட்டெழுத்திற் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே பேதங்கள் மலிந்தன. ஆயினும் பதிப்பாசிரியர்க்கு அங்கே ஓர் ஆறுதல் உண்டு. எழுதியோன் எவ்வாறு பிழைத்தான் என்பதை ஊகிக்கலாம். ஒடிந்த ஏடு, ஒத்த எழுத்து, தவறிக் கேட்ட செவி என, பேதத்தின் காரணத்தைத் தேடிச் சென்றால் மூலத்தை அணுகலாம்.

கருவி தந்த பேதங்களில் அவ்வழி அடைபட்டிருந்தது. காரணமற்ற வேறுபாட்டிலிருந்து எதனையும் ஊகிக்க இயலாது. “அப்படியானால் காரணம் எங்கே இருக்கிறது என்று தேடும்” என்றார் விரிவுரையாளர். காரணங்கள் படங்களில் இல்லை. அவை பேரனாரின் குரலில் இருந்தன. மூன்று வாரங்களில் வந்த குரற்பதிவுகள் 19. அவற்றை அவள் ஒன்றையும் அழித்திருக்கவில்லை. பேணவேண்டுமென்று கருதி அழிக்காது விட்டாளல்லள். அழிக்க மனம் வராமையாலேயே விட்டாள்.

அன்றிரவு விடுதியில், நீண்டதொரு சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அப்பதிவுகளை முதலிலிருந்து கேட்டாள். வைத்தியசாலையிற் பேச்சிழந்து கிடப்பவரின் குரல், செவியருகே துலாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. இடையிடையே இருமல், பின்னணியிலே சின்னம்மாவின் கோழிகள். ஒரு பதிவில், துலா மிதிக்கையில் தமக்குத் துணையாகப் பட்டை பிடித்தவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, “அவன் இப்ப இல்லை” என்று நிறுத்தியிருந்தார். முதன்முறை கேட்டபோது அவள் அப்பகுதியைத் தாண்டிச் சென்றிருந்தாள். அவளுக்கு அன்று வேண்டியது அடுத்த படத்துக்கான திருத்தம் மட்டுமே.

விடியுமுன் கொப்பியில் ஐந்து நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, துலாவின் பருத்த அடி கிணற்றுக்கு எதிர்ப்புறம் இருத்தல் வேண்டும். இரண்டு, அச்சு நடுவில் அன்றி அடிக்கு அண்மையில் அமைதல் வேண்டும். மூன்று, துலா ஆடுகால்களின் இடையே செல்லல் வேண்டும். நான்கு, கொடி கிணற்றின் சுவரை உரசாது நேரே இறங்குதல் வேண்டும். ஐந்து, பட்டை பிடிப்பவர் நிற்க இடமும், அவர் கையெட்டும் தூரத்தில் வாய்க்காலின் தலைப்பும் இருத்தல் வேண்டும். பன்னிரு படங்களுக்கும் எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து நிபந்தனைகளோடும் ஒப்புநோக்கினாள். பத்துப் படங்கள் ஏதேனும் ஒன்றிலே தவறின. ஐந்தாம் படமும் ஒன்பதாம் படமும் எஞ்சின.

அவ்விரண்டுக்குமிடையே துலாவைப் பொறுத்து வேறுபாடில்லை. ஐந்தாம் படத்தின் பின்னணியில் தென்னையும் ஒன்பதாவதிற் பனையும் நின்றன. மரங்களைப் பற்றிப் பேரனார் ஒருபோதும் ஏதும் சொல்லவில்லை. ஆகவே அவர் ஏற்றது எது என்பதற்குச் சான்று அங்கே முடிவுற்றது. விரிவுரையாளர் சொன்னார்: “சான்று முடிகிற இடத்திலே பதிப்பாசிரியரின் துணிபு தொடங்குகிறது. துணிவதிற் பிழையில்லை. துணிந்ததை மறைப்பதுதான் பிழை. எது பாடம், எது பேதம், ஏன் என்று எழுதி வையும்.” அவள் ஒன்பதாவதைப் பாடமாகக் கொண்டாள், ஐந்தாவதைப் பேதமெனக் குறித்தாள். சிறு பிரதியைப் பார்த்து, தோழியின் துணையோடு, கோடு கோடாக அதனை மீண்டும் கணனியில் வரைந்தாள். மலர் பத்து நாட்கள் பிந்தியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்கது யாது? இத்தகைய கருவிகளை ஒதுக்கிவிட வேண்டுமென்பது இதன் பொருளன்று. ஓவியரைப் பெற இயலாத சங்கத்துக்கு அக்கருவி உதவியது. வரையத் தெரியாத ஒருத்திக்கும் அவளது பேரனாருக்கும் இடையே ஓர் உரையாடலை அதுவே தொடக்கி வைத்தது. ஆயின், ஆக்குவது எளிதாகும்போது தேர்வதும் பேணுவதும் அரிதாகின்றன. விவரணம், விதை, கருவியின் பதிப்பு ஆகியவற்றைக் குறித்தல். ஒவ்வொரு படமும் எதிலிருந்து பிறந்தது என எழுதுதல். ஒருவரிடம் காட்டும்போது எண்ணிட்டுக் காட்டி, அவரது விடையை அவ்வெண்ணோடு சேர்த்துப் பதிதல். ‘இறுதி’ என்ற சொல்லைக் கோப்பின் பெயரிலே வழங்காதிருத்தல் — இவை யாவும் எளிய பழக்கங்களே. இவற்றினும் முதன்மையானது, ஏற்றதற்கும் தள்ளியதற்கும் உரிய காரணத்தை எழுதுதலாகும். படம் அழிந்தும் காரணம் எஞ்சியமையால் அவளால் மீண்டும் ஒரு படத்தை அடைய முடிந்தது. காரணம் அழிந்து படங்கள் மட்டும் எஞ்சியிருப்பின், பன்னிரண்டும் ஊமைப் படங்களாகவே இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதவை மீளா. அங்கே அழிவு, ஒன்றே ஒன்றாய் இருந்தமையால் முழுமையாயிற்று. இங்கே, எண்ணற்றவை இருந்தமையால் வேண்டியது காணாமற் போயிற்று. இவ்விரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுத்தல் தகாது. முன்னையது ஒரு சமூகத்தின் இழப்பு, பின்னையது ஒரு மாணவியின் கவனக்குறை. எனினும் பேணுதல் என்பது பிரதிகளைப் பெருக்குவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பின்னையதும் உணர்த்துகின்றது. ஒவ்வொன்றும் இன்னது என்று அறிந்து சொல்லத்தக்கவர் உள்ளபோதே அவரிடம் கேட்டு எழுதி வைப்பதும் பேணுதலின் பாற்பட்டதே.

மலர் வெளிவந்தது. உட்பக்கத்தில் அட்டைப்படத்துக்கு உரியவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில், ‘செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆக்கிய பன்னிரு பேதங்களுள் ஒன்பதாவதைத் தழுவி வரையப்பட்டது; துலாவின் அமைதி, துலா மிதித்த ஒருவர் கூறியவாறு’ என்று அச்சாகியிருந்தது. இதழாசிரியர் அது மிகவும் நீண்டுவிட்டதென்றார்; அவள் இணங்கவில்லை.

பரீட்சை முடிந்து அவள் ஊருக்குச் சென்றபோது பேரனார் வீடு திரும்பியிருந்தார். சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, வரத் தொடங்கியிருந்தன. மலரை அவர் மடியில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை அணியும்வரை காத்திருந்தாள். நெடுநேரம் பார்த்தார். இடக்கை விரலால் துலாவின் அடியிலிருந்து அச்சுவரையும், அச்சிலிருந்து நுனிவரையும், நுனியிலிருந்து கொடி வழியே பட்டைவரையும் தடவி வந்தார். விரல் அங்கே நின்றது.

“கொடி... கொஞ்சம்... நீளம்” என்றார்.

அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். ஒன்பதாம் பேதம், இரண்டாம் நிலை என்று எழுதி, அதன்கீழ்த் திகதியை இட்டு, அவர் சொன்னதை அவ்வாறே குறித்துக்கொண்டாள். பின்னர், பட்டை பிடித்தவரின் பெயர் என்னவென்று கேட்டாள்.